பதினான்காவது நிபந்தனை

ஞானசீலன் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். இறங்காமலேயே, "என்னா வீரையா, கவ்வாத்துக் கத்தி இருக்கா, இல்ல பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுப் பேரிச்சம்பழம் வாங்கித் தின்னுட்டியா?" என்று கேட்டார்.

உள்ளே அடுப்பை ஊதிக்கொண்டிருந்த தெய்வம்மாவின் ஊதுகுழல் நின்றது. தேயிலைச் செடியை மட்டம் பார்த்து வெட்டும் அந்தக் கத்தியைப் பற்றி ஆறு வருடமாக அவள் புருஷனிடம் யாரும் விசாரித்ததில்லை.

"இருக்குங்கய்யா. தகரத்துக்குக் கீழ சொருகிக் கெடக்கு" என்றார் வீரையா.

கிடக்கிறது என்றது பாதிப் பொய். மாதத்துக்கு இரண்டு முறை அதை இறக்கி, கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்டி, கட்டைவிரலில் பதம் பார்த்துவிட்டு மறுபடி சொருகிவைப்பார். வெட்ட ஒன்றுமில்லாத கத்திக்கு என்ன தீட்டல் என்று தெய்வம்மா கேட்பாள். துரு ஏறிடும் என்பார்.

மேல்பாறை எஸ்டேட் மூடி ஆறு வருடம். பச்சைத் தேயிலை கிலோ பதினைந்து ரூபாய்க்குப் போன காலம் மாறி, ஐந்துக்கும் நாலரைக்கும் இறங்கி, பறிக்கிற கூலிக்கே கட்டாது என்றாகி, ஒரு சித்திரை மாதத்துத் திங்கட்கிழமை ஃபேக்டரிச் சங்கு ஊதாமல் நின்றுபோனது. லயத்தில் பாதிப்பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிவிட்டார்கள். மற்றவர்கள் இத்தலார்ப் பக்கம் கேரட் தோட்டங்களில் கிடைத்த நாளைக்குக் கிடைத்த வேலை செய்தார்கள். வீரையா மண்வெட்டி பிடித்தும் பார்த்தார். முட்டைக்கோஸுக்குப் பாத்தி கட்டும்போதும் கண் பக்கத்து மலைத் தேயிலையில் இருக்கும். இலங்கையில் பொகவந்தலாவைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் கப்பலேறி மண்டபம் முகாமில் இறங்கி, அங்கிருந்து லாரியில் நீலகிரிக்கு வந்தவர். இரண்டு நாட்டிலும் அவருக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்.

"ஏழாம் நம்பர் மலைக்குக் கவ்வாத்து. ஆறு நாள் வேலை. இருவது இருவத்திரெண்டு ஆளு வேணும்" என்றார் ஞானசீலன். எஸ்டேட் ஓடிய காலத்தில் அவர் இங்கே ஃபீல்டு சூப்பர்வைசர். இப்போது எஸ்டேட்டை வாங்கியிருக்கும் கோயம்புத்தூர்க் கம்பெனியில் அதே வேலை. சட்டைப் பையில் மட்டும் கம்பெனி அட்டை தொங்கியது.

வீரையா தலையைச் சொறிந்தார். "ஏழாம் நம்பர்ல கை வைக்கக் கூடாதுன்னுல்ல சொல்லிக்கிட்டாங்க?"

"யாரு, ஒங்க இந்துமதி டீச்சரா? அது வீடு கட்டக் கூடாதுன்னு. தேயிலையப் பாத்துக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்? இன்னும் ரெண்டு வாரத்துல கமிட்டி வருது. மலை இப்படிப் பேய் புடிச்ச மாதிரி மண்டிக் கெடந்தா, கம்பெனி கவனிக்கலைன்னு எழுதிட்டுப் போயிடுவான். பாத்துக்கணும்னா என்னா பண்ணணும், நீயே சொல்லு."

"கவ்வாத்துதான் போடணும்" என்றார் வீரையா. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"அப்புறம் என்னா? நாளைக்கு ஏழு மணிக்கு."

கம்பெனி அங்கே நூற்றிநாற்பது பங்களா கட்டப்போகிறது. அதற்கு அனுமதி கேட்டபோது, லயத்தில் அங்கன்வாடி நடத்தும் இந்துமதி ஒரு மனு எழுதி, இருபத்தாறு குடும்பத்திடமும் கையெழுத்தும் ரேகையும் வாங்கிக் கொடுத்தாள். பங்களா கட்டுவதை அவள் ஆட்சேபிக்கவில்லை. ஏழாம் நம்பர் மலையின் அடியிலிருக்கும் ஊற்றுதான் இரண்டு லயத்துக்கும் ஒரே குடிதண்ணீர், அதற்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று மட்டும் எழுதியிருந்தாள். ஒரு குழு வந்து ஏறி இறங்கிப் பார்த்தது. பிறகு முப்பத்தெட்டு நிபந்தனைகளோடு அனுமதி வந்தது. செங்குத்துச் சரிவில் கட்டக்கூடாது, வெட்டிய மண்ணை ஓடையில் தள்ளக்கூடாது, கழிவுநீரைச் சுத்தம் செய்யாமல் விடக்கூடாது என்று போய்க்கொண்டிருந்த ஆங்கிலப் பட்டியலில் பதினான்காவது, ஏழாம் நம்பர் மலையைப் பற்றியது. இரண்டு ஏக்கர். இந்துமதி அதைப் படித்துவிட்டு, "நம்ம தண்ணி தப்பிச்சிச்சு பெரியப்பா, ஏழாம் நம்பரைப் பத்திரமா வெச்சிருக்கணும்னு போட்டுட்டாங்க" என்று வீரையாவிடம் சொன்னாள். மேற்கொண்டு கேட்க அவருக்குத் தோன்றவில்லை. தேயிலை மலையை எப்படிப் பத்திரமாக வைப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது கேட்கலாம் என்றால் இந்துமதி ஊரில் இல்லை. ஒரு வாரப் பயிற்சிக்கு மேட்டுப்பாளையம் போயிருந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, பெரட்டுக்களத்தில், அதாவது முன்பு ஆள் எடுத்த அதே திடலில், இருபத்திரண்டு பேர் வரிசையாக நின்றார்கள். யாரும் வரிசையாக நிற்கச் சொல்லவில்லை. வீரையா பேர் கூப்பிட்டார். அதையும் யாரும் செய்யச் சொல்லவில்லை.

"பாலன்!"

"இருக்கேன்."

"மாரப்பன்!"

"ஆறு வருசமா இங்கதான்ணே இருக்கேன், எங்கிட்டுப் போறது" என்றான் மாரப்பன். களம் சிரித்தது. மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற ஞானசீலன் செக்ரோல் புத்தகம் எதையும் கொண்டுவரவில்லை என்பதை வீரையா கவனித்தார். எஸ்டேட்டில் ஒருவன் வேலை செய்தான் என்பதற்கு அந்தப் புத்தகத்தில் விழும் பேர்தான் சாட்சி; முழு நாளுக்கு முழுப்பேர், மதியத்தோடு போனால் அரைப்பேர். "பேர் போடலீங்களாய்யா?" என்று கேட்டார்.

"போட்டுக்கலாம், போட்டுக்கலாம். மொதல்ல ஏறுங்க."

ஏழாம் நம்பருக்குள் போய் நின்றதும் வீரையாவுக்கு ஆத்திரம்தான் வந்தது. இடுப்புயரத்தில் மேசைபோல் பரந்திருக்க வேண்டிய செடிகள் இரண்டு ஆள் உயரத்துக்குக் கிளம்பி, ஒன்றையொன்று பின்னி, உச்சியில் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றன. தண்டுகளில் பாசி. வெள்ளைப்பூ உதிர்ந்து கீழே மெத்தையாகக் கிடந்தது. பாதை இருந்த இடத்தில் காட்டுமாட்டுச் சாணம் குவிந்திருந்தது. வளர்ந்த பிள்ளை தலை சீவாமல் திரிவதைப் பார்க்கிற எரிச்சல் அவருக்கு. "பாருடா, என்னா அநியாயம்" என்றபடி ரம்பத்தை முதல் தண்டில் வைத்தார்.

வேலை அவர் கணக்குப்படி நடந்தது. பருத்த வாதுகளை ரம்பத்தால் அறுத்து, அறுத்த முகத்தைக் கத்தியால் சாய்வாகச் சீவ வேண்டும், மழைத்தண்ணீர் தங்காதபடி. மட்டத்துக் குச்சி இரண்டு அடி. ஒவ்வொரு செடியிலும் இலையோடு ஒரு கிளையை விட வேண்டும், இல்லையென்றால் செடி மூச்சுமுட்டிச் சாகும். வெட்டிய தழையை வரிசைக்கு இடையில் பரப்ப வேண்டும். இரண்டாம் நாள் வெட்டுவாய்க்கு மருந்து எங்கே என்று கேட்டார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீலக் குழம்பு. பூசாவிட்டால் வெட்டுவாய் அழுகும்.

ஞானசீலன் சிரித்தார். "யோவ், அதெல்லாம் எதுக்குய்யா? வெட்டுனாப் போதும்."

"வெட்டுனாப் போதுமா?" வீரையாவுக்குப் புரியவில்லை. அன்று சாயங்காலம் எமரால்டு ஊர்க் கடைவீதிக்கு நடந்துபோய்த் தன் காசில் மயில்துத்தம் வாங்கி வந்தார். தெய்வம்மா வாளியில் கரைத்துக் கொடுத்துக்கொண்டே, "கம்பெனிக்காரன் மாப்பிள்ளையாட்டம் நிக்கிறான், ஒனக்கென்னா பொண்ணு வீட்டுச் செலவு?" என்றாள். ஆனால் மறுநாள் அவளே துணிக்குச்சியை எடுத்துக்கொண்டு பூச வந்தாள்.

மூன்றாம் நாளிலிருந்து வீரையாவுக்கு ஏனோ மனம் சரியில்லை. மேல்கோட்டிலிருந்து இறங்கி மலையின் நடுவுக்கு வந்திருந்தார்கள். அங்கே மண் வேறு மாதிரி இருந்தது. முப்பது வருடம் அவர் மிதித்த மண், மருந்தும் உரமும் தின்று இறுகிய சிவப்பு மண். மழை பெய்தால் கோடு கோடாக அறுத்துக்கொண்டு ஓடும். இது கறுப்பாக, விரலை விட்டால் இரண்டாம் கணு வரை இறங்கியது. காலை எடுத்தால் சுவட்டில் தண்ணீர் ஊறி நின்றது. மூன்று நாளாக மழையில்லை.

அவர் குந்தி உட்கார்ந்து அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்டேட் ஓடிய காலத்தில் தை முடிந்தால் ஊற்று வற்றிவிடும். பொம்பளைகள் பள்ளத்து ஓடைக்குக் குடத்தோடு இறங்கி ஏற வேண்டும். கடைசி மூன்று வருடமாக யாரும் இறங்கவில்லை. மாசியிலும் குழாயில் தண்ணீர் வந்தது. குழாயைச் சரிசெய்தது பஞ்சாயத்து என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"என்னாண்ணே, காசு விழுந்துடுச்சா?" என்றான் மாரப்பன்.

"ஒண்ணுமில்ல." எழுந்தார். வேலையைப் பாதியில் நிறுத்துவது அவருக்குத் தெரியாத காரியம். கத்தியை எடுத்தார். ஆனால் அன்றைக்கு இரண்டு முறை மட்டம் தப்பி வெட்டினார்.

ஆறாம் நாள் மதியம் வேலை முடிந்தது. இரண்டு ஏக்கரும் மொட்டையாக, ஒரே மட்டத்தில், ஆயிரக்கணக்கான நீலப் புள்ளிகளோடு வெயிலில் கிடந்தது. கீழே அணைக்கட்டுத் தண்ணீர் தகடுபோல் தெரிந்தது. ஆறு வருடமாக அங்கிருந்து அணை தெரிந்ததில்லை. கம்பெனியின் சைட் மேனேஜர் தினகரன் வந்து மேல்கோட்டில் நின்று அணையைப் பார்த்தார், செடிகளைப் பார்க்கவில்லை. செல்போனில் படமெடுத்தார். "சூப்பருங்க, சூப்பருங்க" என்று எல்லோருக்கும் கை கொடுத்தார். கூலியைக் கையோடு கொடுத்தார். எதிலும் கையெழுத்து வாங்கவில்லை.

இந்துமதி அன்று நாலு மணிப் பேருந்தில் வந்து இறங்கினாள். பையைக்கூட வீட்டில் வைக்காமல், குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டிருந்த வீரையாவிடம் வந்தாள். பேருந்திலிருந்தே பார்த்திருக்கிறாள்.

"பெரியப்பா, ஏழாம் நம்பரை யாரு வெட்டுனா?"

"நாங்கதாம்மா. பாத்தியா, எப்படி இருக்கு?"

அவள் பையைக் கீழே போட்டாள். "என்னா காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க! அது அப்படியே இருக்கணும்னுதானே நிபந்தனை! யாரும் தொடக் கூடாது, தானா காடாகிக்கிட்டு வருது, அந்த மண்ணுதான் தண்ணியப் புடிச்சு வெக்குதுன்னு கமிட்டியில வந்த அந்தக் காலேஜ் அம்மா எழுதியிருந்தாங்க. அது காடாகிக்கிட்டு இருக்கற வரைக்கும்தான் பெரியப்பா பதினாலாவது நிக்கும். இப்ப வந்து பாத்தாங்கன்னா வெறும் தேயிலைத் தோட்டம். இதுல பாதுகாக்க ஒண்ணுமில்ல, நிபந்தனைய எடுத்துடுங்கன்னு கம்பெனி கேப்பான். கேக்கறதுக்குத்தானே ஒங்களை விட்டு வெட்டச் சொல்லியிருக்கான்!"

"அவரு பாத்துக்கச் சொல்லித்தானே..." என்றார் வீரையா. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. எட்டி அதை மூடினார்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தது. வீரையா அந்த ஒன்பது நாளும் ஓரிடத்தில் உட்காரவில்லை. காலையில் எழுந்து ஊற்றுக்குப் போவார், ஈர மண்ணில் ஒரு குச்சியை நட்டுத் தண்ணீரின் அளவுக்குக் கீறுவார், இறங்குவார், பத்து மணிக்கு மறுபடி ஏறுவார். "ஒரு நாளைக்கு நாலு தரம் போய்ப் பாத்தா வெட்டுனது ஒட்டிக்குமா?" என்றாள் தெய்வம்மா. சோற்றுத்தட்டை எடுத்துக்கொண்டு நின்றபடியே தின்றார்.

இரண்டாம் நாள் கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். பழைய தொரை பங்களாவின் முன்னறைதான் அலுவலகம். தினகரன் எழுந்து நாற்காலி போட்டார்.

"உக்காருங்க வீரையா. எதுக்குங்க நிக்கறீங்க?"

"நான் நின்னுக்கிறேங்க. ஏழாம் நம்பரைத் தொடக் கூடாதுன்னு பேப்பர்ல இருக்காமே?"

"இருந்துதுங்க. இல்லீன்னு சொல்லுல. ஆனா பாருங்க, அதுல என்னுங்க இருக்குது? வெறும் தேயிலை. இந்த ஏரியாவுலயே அணை தெரியற எடம் அது ஒண்ணுதானுங்க. பன்னெண்டு ஊடு கட்டுனா, தோட்ட வேலை, வாட்ச்மேன் வேலைன்னு ஒங்க இருவத்திரெண்டு பேருக்கும் வேலை. அடுத்த மாசமே போட்டுக் குடுத்தர்றேன். தண்ணிக்கு லாரி விடறமுங்க."

"கமிட்டி கேட்டா என்னா சொல்வீங்க?"

"அத நாங்க பாத்துக்கறமுங்க. நீங்க அன்னிக்கு ஊட்டுல இருந்தாப் போதும்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க வெட்டுனதாவும் ஆரும் சொல்ல வேண்டாமுங்க. மரம் வெட்டுனதுன்னு கேஸு கீஸு ஆச்சுன்னா வயசான காலத்துல ஒங்களுக்குச் செரமம்" என்றார்.

திரும்பி நடக்கும்போது வீரையாவுக்கு அதில் எது வாக்குறுதி, எது மிரட்டல் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் ஒரே மரியாதையோடு வந்திருந்தன.

லயத்தில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. சனிக்கிழமை பெரட்டுக்களத்தில் கூடினார்கள். இந்துமதி நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டும் என்றாள். மாரப்பன் எழுந்தான்.

"டீச்சரு, ஒனக்கு மாசமானா கவர்மெண்டு சம்பளம். எங்களுக்கு ஆறு வருசத்துல வந்த மொத வேலை இது. வெட்டுனோம்னு சொன்னா வேலையும் போச்சு, கேஸும் வரும். சொல்லலைன்னா வேலையாச்சும் இருக்கும். லாரித் தண்ணி குடிச்சா செத்தா போயிடுவோம்?"

"லாரி எத்தன நாளைக்கு வரும்டா?" என்றாள் தெய்வம்மா. "பங்களாக்காரன் வந்து உக்காந்ததும் மொத வேலையா லயத்தைத்தான் பாப்பான். தண்ணி இல்லாத லயத்துல எவன் இருப்பான்? ஒன்னைக் காலி பண்ண வெக்க ஆளா அனுப்புவான், குழாய மூடுனாப் போதும்."

"அப்ப அண்ணன் ஜெயிலுக்குப் போகட்டுங்கறியா அண்ணி?" என்றான் மாரப்பன்.

எல்லோரும் வீரையாவைப் பார்த்தார்கள். பேர் கூப்பிட்டவர் அவர்தான். அவர் எழுந்து ஊற்றைப் பார்க்கப் போய்விட்டார். குச்சியில் முந்தின நாள் கீறலுக்கு ஒரு விரற்கடை கீழே தண்ணீர் நின்றது. ஈரத்தை வெயில் நேரடியாகக் குடித்துக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு இரண்டு ஜீப்புகள் வந்தன. உதகையிலிருந்து வந்த அதிகாரி ஒருவர்தான் குழுத் தலைவர். கூட ஒரு பொறியாளர், அப்புறம் இந்துமதி 'காலேஜ் அம்மா' என்று சொன்ன மகாலட்சுமி. கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்றவர், கால் வலிக்காகக் கையில் ஒரு பிரம்பு. வீட்டில் இருக்கச் சொன்ன ஆள் வீட்டில் இல்லை. விடிந்ததிலிருந்து வீரையா ஏழாம் நம்பரின் கீழ்க்கோட்டில் நின்றுகொண்டிருந்தார், என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமலே.

மகாலட்சுமி மேல்கோட்டில் வந்து நின்று மலையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு, "போன தடவை இதுக்குள்ள நான் குனிஞ்சு போனேன்" என்றார்.

"ரொம்ப வருத்தமுங்க மேடம்" என்றார் தினகரன். ஞானசீலன் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "லயத்து ஆளுங்க வெறகுக்கு வெட்டிப்போட்டாங்க. நாங்க சைட்டுல இல்லாத நேரம் பாத்து. கண்டபடி வெட்டி நாசம் பண்ணிட்டாங்க. பாவப்பட்ட சனம், போலீஸுக்குப் போக வேண்டாம்னு விட்டுட்டமுங்க. இனி அந்த நிபந்தனைல அர்த்தம் இருக்குதுங்களா, நீங்களே பாருங்க."

குழுத் தலைவர் எழுத ஆரம்பித்தார். அவருடைய பேனா ஓடுவதை வீரையா கீழிருந்து பார்த்தார். விறகுக்கு என்ற சொல் காதில் விழுந்தபோது அவர் அசையவில்லை. திருடன் என்று சொல்கிறார்கள், சொல்லட்டும், வேலை இருக்கும் என்று ஒரு நினைப்பு ஓடியது. 'கண்டபடி' என்றதும் கால் நகர்ந்துவிட்டது. ஏறிவிட்டார்.

"அய்யா, கண்டபடி வெட்டலீங்க."

தினகரன் திரும்பினார். "வீரையா, நீங்க போங்க, அப்புறம் பேசிக்கலாமுங்க."

"வெறகுக்கு வெட்டுறவன் இப்படி வெட்டுவானாய்யா?" வீரையா ஒரு செடியின் முன்னால் குந்தினார். "பாருங்கம்மா. ரெண்டடி மட்டம். எந்தச் செடிய வேணா அளந்து பாருங்க. வெட்டு முகம் சாய்வு, தண்ணி நிக்காது. ஒவ்வொண்ணுலயும் எலையோட ஒரு வாது விட்டிருக்கு. வெறகுக்கு வந்தவன் வெறக எடுத்துட்டுப் போகாம வரிசைக்கு நடுவுல பரத்தி வெச்சுட்டா போவான்? இந்தா, மருந்து பூசியிருக்கு. எந்தத் திருடன்மா வெட்டுன எடத்துக்கு மருந்து பூசுவான்?"

மகாலட்சுமி பிரம்பை ஊன்றிக் குனிந்து அந்த நீலத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "மயில்துத்தமா?"

"ஆமாங்க. எமரால்டுல வாங்குனது."

"இவ்வளவு சரியா வெட்டினது யாரு?"

ஒரு கணம் வீரையா கீழே லயத்தைப் பார்த்தார். வாசல்களில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இந்தத் தொலைவில் முகம் தெரியவில்லை.

"நான்தான். என் பேரு வீரையா. ஆளுங்களக் கூப்பிட்டதும் நான்தான். ஆறு நாளு. கம்பெனியில கூப்பிட்டாங்க, கூலி குடுத்தாங்க. இந்த ஞானசீலன் அய்யா பெரட்டுக்களத்துல நின்னுக்கிட்டு இருந்தாரு, அவரையே கேளுங்க. இவரு கடைசி நாளு வந்து எல்லாருக்கும் கை குடுத்துட்டுப் போட்டோ புடிச்சாரு, அந்த போன்லயே இருக்கும். மலையப் பாத்துக்கறதுன்னா கவ்வாத்துன்னு நெனச்சோம். எங்களுக்குத் தெரிஞ்சது அதான். தப்பு."

தினகரன் செல்போனைச் சட்டைப் பையில் போட்டார். குழுத் தலைவர் ஞானசீலனைப் பார்த்தார். ஞானசீலன் தரையைப் பார்த்தார். முப்பது வருடம் பேர் போட்ட ஆள் அவர். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, ஆமாம் என்று சொல்லவும் வரவில்லை. அது போதுமாயிருந்தது. குழுத் தலைவர் எழுதியதை அடித்துவிட்டுப் புதுப்பக்கம் திருப்பினார்.

"இது மறுபடி முன்ன மாதிரி ஆகுமா?" என்று மகாலட்சுமி வீரையாவிடம்தான் கேட்டார்.

"தேயிலை சாகாதும்மா. மூணு மாசத்துல துளிர் வரும்."

"பறிக்காம விட்டா?"

அந்தக் கேள்வி வீரையாவுக்கு உடனே புரியவில்லை. கவ்வாத்துப் போட்ட மலையைப் பறிக்காமல் விடுவது அவர் கேள்விப்படாத ஒன்று. "பறிக்காம விட்டா..." கொஞ்சம் யோசித்தார். "மேல போகும். அஞ்சாறு வருசத்துல பழையபடி ஆயிடும்."

அறிக்கை ஒரு மாதம் கழித்து வந்தது. பதினான்காவது நிபந்தனை நீங்கவில்லை, நீண்டிருந்தது. ஏழாம் நம்பர் மலையை முன்பிருந்த நிலைக்குத் திரும்ப விட வேண்டும், அங்கே கட்டடப் பேச்சே கூடாது. கம்பெனி தன் செலவில் வேலி போட வேண்டும். கம்பெனி ஆட்களோ லயத்து ஆட்களோ யாரும் வெட்டவோ பறிக்கவோ கூடாது. மீறினால் வழக்கு. வீரையா மேல் வழக்கு இல்லை. இனி அங்கே கை வைப்பதில்லை என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். இருபத்திரண்டு பேருக்கும் சொல்லப்பட்ட வேலை வரவில்லை. கம்பெனி மற்ற மலைகளில் சமவெளி ஆட்களைக் கொண்டுவந்து அஸ்திவாரம் தோண்டியது. மாரப்பன் வீரையாவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான். பொங்கல் கழிந்து திருப்பூருக்கு இறங்கியபோதும் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த வருடம் மாசியில் குழாய் மெலிந்தது. குடம் நிறைய அரைமணி ஆயிற்று. ஆனால் நிற்கவில்லை.

மலையோ துளிர்த்தது. உறைபனி விலகியதும், இரண்டு ஏக்கரும் ஒரே நாளில் சொல்லிவைத்தாற்போலப் பச்சையாகிவிட்டது. வெட்டு அப்படி விழுந்திருந்தது. ஒரே மட்டத்தில், விரல் வைத்தால் ஒடிகிற கொழுந்து, காலைப் பனியில் எண்ணெய் தடவினாற்போல மின்னியது. இப்போது முதல் நுனியைக் கிள்ளினால் செடி பக்கவாட்டில் பரவும். விட்டால் நேராக மேலே போய்விடும். பச்சைத் தேயிலை விலையும் அந்த மாதம் பார்த்துத்தானா எட்டு ரூபாய்க்கு ஏற வேண்டும்! தனியார் ஃபேக்டரி ஏஜெண்டின் ஜீப் தினமும் ரோட்டில் நின்று ஹாரன் அடித்தது. லயத்துப் பொம்பளைகள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு வேலிப்பக்கம் போய் நிற்பார்கள். குடம் வழிவதுகூடத் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வீரையா வேலியோரமாக ஏறினார். கீழ்க்கோட்டில் மூன்று வரிசை பறிக்கப்பட்டிருந்தது. பறித்த கை எதுவென்று பார்த்ததும் தெரிந்தது. இரண்டு இலையும் ஒரு மொட்டும், காம்பு நசுங்காமல், ஒரு முற்றிய இலைகூடச் சேராமல். லயத்தில் அப்படிப் பறிக்க இப்போது ஒருத்திதான் இருக்கிறாள்.

தெய்வம்மா நாலாம் வரிசையில் நின்றிருந்தாள். ஒளியவில்லை. இடுப்பில் சேலை முந்தானை மூட்டையாகத் தொங்கியது.

"என்னா புள்ள இது?"

"என்னா இது? கொழுந்து. எட்டு ரூவா."

"கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"நீ போட்டே. நான் போடல." மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு குரல் இறங்கியது. "குடிக்கத் தண்ணி இருக்கு. சரி. கொதிக்கிற தண்ணியில போட அரிசி வேணாமா? இந்த நிபந்தனை எழுதுன மகராசிக்கு அது ஒண்ணு மட்டும் தோணலையே. கண்ணு முன்னாடி முத்திக்கிட்டே போகுது. எத்தன நாளைக்குப் பாத்துக்கிட்டே நிக்கறது?"

ரோட்டில் ஜீப் ஹாரன் அடித்தது, இரண்டு முறை. அவள் மூட்டையில் மூன்று கிலோ இருக்கும். இன்றைக்கு மூன்று வரிசை. நாளைக்கு மற்றவர்களும் வருவார்கள். ஒரு மாதத்தில் ஏழாம் நம்பர் மறுபடி மேசையாகிவிடும். அடுத்த முறை குழு வரும்போது மேல்கோட்டில் நின்று பார்ப்பவர்களுக்கு அணை தெரியும்.

"குடு" என்றார்.

அவள் கொடுக்கவில்லை. அவர் கையை நீட்டியபடி நின்றார். கடைசியில் அவளே முந்தானையை அவிழ்த்து, கொழுந்தைச் செடிக்கடியில் கொட்டினாள். உதறும்போது ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றிரண்டையும் எடுத்துப் போட்டாள். "இந்த மூணு வரிசைய என்னா பண்ணுவே?"

"அது கெடக்கட்டும். கொஞ்சம் பிந்தி வளரும்."

"நாளைக்கு அவளுக வந்தா?"

"வந்தா நான் நிப்பேன்."

"என் வரைக்கும் நின்னே. கடைசி வீட்டு மாரியாயி வாயத் தாங்குவியா?" என்றாள். சிரிக்க வந்து, சிரிக்காமல், வேலிக்கு அடியில் குனிந்து வெளியே போனாள். இறங்கும்போது ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜீப் இன்னும் போகவில்லை. ஏஜெண்ட் இறங்கி, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு மலையை அண்ணாந்து பார்த்தான். பிறகு வா என்பதுபோல் கையசைத்தான். வீரையாவின் இடுப்பளவுக்கு நாலாபுறமும் கொழுந்து. காற்று அடித்தபோது அது அவர் விரல்களில் வந்து உரசியது. அவர் இரண்டு கைகளையும் மடித்து அக்குளுக்குள் இறுக்கிக்கொண்டு, ஜீப் கிளம்பும்வரை அங்கேயே நின்றார்.